எமரால்டு பக்கம் மூன்று ஏக்கர் புல்மேடு: எருமையை விடலாமா, வேலி போட்டு மூடலாமா?

புல்மேட்டுக்காரி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நீலகிரியில் எமரால்டுக்கு மேலே, எங்கள் ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) நடந்து போகிற தூரத்தில், மூன்று ஏக்கர் பட்டா நிலம் போன வருடம் என் பெயருக்கு மாறியது. சரிவு அதிகம், அடியில் சதுப்பு. அதனால் தாத்தா காலத்திலிருந்தே அதில் தேயிலையும் போடவில்லை, உருளைக்கிழங்கும் போடவில்லை. புல்லாகவே கிடக்கிறது. கேரட் போடக் குத்தகைக்குக் கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கொடுக்க மனசில்லை. காலையில் போனால் கடமான் படுத்திருந்த இடம் புல்லில் அப்படியே தெரியும். பறவை பார்க்க வந்த தோழி ஒருத்தி, நீலகிரி நெட்டைக்காலி என்கிற குருவி இங்கே இருக்கிறது, உலகத்தில் வேறு எங்கே தேடினாலும் இந்த மேற்கு மலை உச்சிப் புல்வெளிகளில்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து அந்த இடத்தைப் பார்த்தாலே ஒரு பயம் வந்துவிட்டது.

பிரச்சினை இதுதான். மேல் எல்லையில் சீகைக் கன்று (சீயக்காய் இல்லை, வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம்) இறங்கி வருகிறது. நடுவில் ஸ்காட்ச் புரூம் என்கிற வெளிநாட்டுப் புதர் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. யாரும் எதுவும் செய்யாவிட்டால் பத்து வருடத்தில் புல் இருக்காது.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாமா, "என் ஜெர்சி மாடு நாலை விடுகிறேன், எல்லாவற்றையும் தின்றுவிடும்" என்கிறார். பக்கத்து மந்தில், அதாவது எருமை வளர்க்கிற தோடர் பழங்குடியினரின் குடியிருப்பில், இருக்கிற பெரியவர் தாத்தாவுக்குப் பழக்கம். அவர் தன் எருமைகளைக் கொஞ்ச நாள் மேய விடலாமா என்று கேட்டார். தோழி, "முள்கம்பி போட்டுப் பூட்டு, மாடு என்றால் காட்டுக்கு எமன்" என்கிறாள். ஆனால் இங்கிலாந்தில் சரணாலயத்துக்குள்ளேயே மாடும் குதிரையும் விட்டு மேய்க்கிறார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இதில் யார் பேச்சைக் கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிறுவாணித் தண்ணி

தோழி சொல்வதுதான் சரி. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமே தமிழ்நாட்டுக் காடுகளில் மாடு மேய்க்கத் தடை போட்டது. அப்புறம் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் மட்டும் என்று சுருக்கினார்கள். மாடு போன இடத்தில் மண் இறுகும், நோய் வரும், களை வரும். இங்கிலாந்துக் கதை இங்கிலாந்துக்கு. வேலி போடுங்கள், இயற்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர், ஊட்டி

அம்மா, நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊசி மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குந்தா, எமரால்டு, இத்தலார், நஞ்சநாடு என்று நடந்த காலம் நிறைய. படித்த சூழலியலாளன் இல்லை. மாட்டின் வாயையும் சாணத்தையும் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மேலே தம்பி சொன்ன தீர்ப்பு உண்மைதான், ஆனால் அது வனத்துறை நிலத்துக்கு. உங்கள் பட்டாவுக்கு அது பொருந்தாது. ஒன்று மட்டும் பாருங்கள். அந்த இடம் தனியார் காடுகள் சட்டத்தில் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று வருவாய் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சீகை வெட்டுவதாக இருந்தாலும் சும்மா வெட்டக் கூடாது. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து இருக்கிறது, மரம் என்று சொல்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டால் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். கன்றாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிட்டால் இந்த அலைச்சலே இல்லை.

"இயற்கை தன்னைப் பார்த்துக்கொள்ளும்" என்பதில்தான் எனக்குச் சண்டை. பரத்பூரைப் பாருங்கள். ராஜஸ்தானில் கேவலாதேவ் பறவைப் பூங்கா. 1982இல் அங்கே எருமை மேய்ச்சலை நிறுத்தினார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்து உயிர் போனது. எருமை வெளியே போனதும் ஏரிக்குள் பாஸ்பாலம் என்கிற புல் மண்டித் தண்ணீரையே மூடிவிட்டது. வாத்துக்கு நீந்த இடமில்லை, மீன் தின்னும் பறவைக்கு மீன் தெரியவில்லை. இத்தனை காலமும் எருமைதான் அந்தப் புல்லைத் தின்று தண்ணீரைத் திறந்து வைத்திருந்தது என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வே பிற்பாடு சொல்லியது. பரத்பூர் சமவெளி, நம்முடையது உறைபனி விழுகிற மலை. அதனால் அதை அப்படியே இங்கே தூக்கி வைக்கச் சொல்லவில்லை. வேலி போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்காகச் சொன்னேன்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஹாலந்தில் ஓஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் என்று ஒரு இடம். மாடு, குதிரை, மான் எல்லாவற்றையும் வேலிக்குள் விட்டுவிட்டு, பெருகட்டும் என்று இருந்துவிட்டார்கள். 2017-18 குளிர்காலத்தில் தீனி இல்லாமல் 3000க்கு மேல் செத்தன. பெரும்பாலானவற்றை, பட்டினியில் துடிக்க வேண்டாம் என்று அவர்களே சுட்டார்கள். வெளியே போக வழியும் இல்லை, அடித்துத் தின்ன ஓநாயும் இல்லை, எண்ணிக்கையைக் குறைக்க மேய்ப்பவனும் இல்லை.

ஆகவே "மாடு நல்லதா கெட்டதா" என்று கேட்டால் பதில் வராது. எந்த மாடு, எத்தனை, எந்த மாதம், ராத்திரி எங்கே படுக்கும், யார் திருப்பி ஓட்டுவது என்று கேளுங்கள், பதில் வரும்.

முதலில் எந்த மாடு. மாமாவின் ஜெர்சிக் கலப்பு வேண்டவே வேண்டாம். பாரமான உடம்பு, சரிவில் குளம்பு வழுக்கி மண்ணைப் பெயர்க்கும். தவிடும் பிண்ணாக்கும் தின்று பழகியது, நம் மலைப் புல்லின் முரட்டுத் தாளை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். கிக்குயு என்கிற வெளிநாட்டுத் தீவனப் புல் இருக்கிற இடத்தைத் தேடிப் போகும். தீனி குறைந்தால் பெரணியைக் கடிக்கும். பெரணி தின்றே மாடு ரத்தமாக மூத்திரம் போவதை இந்த மாவட்டத்தில் நான் எத்தனை கொட்டகையில் பார்த்திருப்பேன்! வருடக்கணக்கில் இழுக்கும், மருந்துக்கு நிற்காது. மாமாவிடம் அதைச் சொல்லுங்கள், அவரே பின்வாங்கிவிடுவார்.

தோடர் எருமை வேறு சாதி. செம்மறி உதட்டால் வேர்வரை கொறிக்கும். எருமை நாக்கால் ஒரு பிடி சுற்றி இழுத்து அறுக்கும், அடியில் நாலு விரல் உயரம் மிச்சம் நிற்கும். அந்த நாலு விரல்தான் உங்களுக்கு வேண்டியது. நம் மேட்டுப் புல் தூர் தூராக வளர்வது. போன வருடத்துக் காய்ந்த தாள் தூருக்குள்ளேயே மடிந்து கிடந்தால் வெளிச்சம் உள்ளே போகாது, இடையில் வருகிற சின்னப் பூச்செடிகள் அமுங்கிப் போகும், மாசியில் ஒரு பீடித்துண்டு விழுந்தால் சரிவே எரியும். எருமை அதைக் கலைத்துவிடும். ஆனால் தூரையே தின்று தீர்க்காது. நெட்டைக்காலி கூடு கட்டுவது அந்தத் தூரின் அடியில்தான். தூரும் வேண்டும், தூருக்கு நடுவில் வெறும் இடமும் வேண்டும்.

இப்போது மாதம். தென்மேற்கு மழையில் விடாதீர்கள். குந்தா பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த சரிவில் எருமைத் தடம் படிக்கட்டு போல விழும், அடுத்த மழையில் அந்தப் படியே ஓடையாகும். சித்திரை வைகாசியில் குருவி முட்டை இருக்கும், அப்போதும் வேண்டாம். புல் பூத்து விதை உதிர்ந்த பிறகு, கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரைக்கும் நல்ல காலம். மூன்று ஏக்கருக்கு நான்கைந்து எருமை, இரண்டு மூன்று வாரம், பகலில் மட்டும். அதற்கு மேல் நாள் கணக்கு வைக்காதீர்கள், புல்லைப் பாருங்கள். விரலை மடக்கி முட்டியைத் தரையில் ஊன்றினால் புல் முட்டிக்கு மேலே நிற்க வேண்டும். முட்டி தெரிய ஆரம்பித்தால் அன்றே ஓட்டிவிட வேண்டும்.

சதுப்புதான் கஷ்டம். பனியில் மேடு காய்ந்ததும் பச்சை இருப்பது அங்கேதான், எருமை நேராக இறங்கும். கொஞ்சம் மிதிக்கட்டும். குளம்புக் குழியில் நிற்கிற தண்ணீரில் தவளை இருக்கும், நீங்களே பார்ப்பீர்கள். ஆனால் ஊற்றுக்கண் இருக்கிற தலைப்பகுதியைப் பிடுங்கிய சீகைக் கம்பாலேயே அடைத்துவிடுங்கள். முள்கம்பி வேண்டாம். காட்டெருமை அதை அறுத்துக்கொண்டு போகும், கடமான் குட்டி மாட்டிக்கொள்ளும்.

புரூம் பற்றிக் கேட்டீர்கள். எருமை அதைத் தொடாது. நியூசிலாந்தில் புரூமுக்கும் கோர்ஸ் என்கிற முள்புதருக்கும் வெள்ளாடு விடுகிறார்கள், நன்றாகவே தின்கிறதாம். இங்கே அந்த ஆசை வேண்டாம். உங்கள் சதுப்புக்கு மேலே சோலைக் காடு இருந்தால் வெள்ளாடு முதலில் போவது அங்கேதான், சோலைக் கன்று ஒன்று மிஞ்சாது. புரூமைப் பூவில் இருக்கும்போதே, மழைக்குப் பின் மண் இளகியிருக்கையில், வேரோடு பிடுங்க வேண்டும். காய் முற்றிவிட்டால் வெயிலில் பட் பட்டென்று வெடித்து விதையை வீசும், அப்புறம் அந்த விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும்.

மந்திலிருந்து

ஆய்வாளர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் தோடர். இப்போது ஊட்டியில் வேலை, வீட்டில் எருமை இருக்கிறது.

எங்கள் தாத்தாக்கள் ஒரே இடத்தில் மேய்த்தவர்கள் இல்லை. வெயில் காலத்தில் இங்கே புல் காய்ந்ததும் மேற்கே குந்தா மேடுகளுக்கு எருமையோடு போய்விடுவார்கள். அங்கே அதற்கென்றே தனி மந்து இருந்தது. மழை வந்ததும் திரும்புவார்கள். காய்ந்த புல்லுக்குத் தீயும் வைப்பார்கள், புதுப் புல் வரும். வெள்ளைக்காரன் வனச் சட்டம் வந்ததும் தீயை நிறுத்தினான். மேட்டில் சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். போகிற வழியிலேயே காடு. அந்த மேற்கு மேடுகளில் இருக்கிற முக்குருத்தி 1982இல் சரணாலயம், 1990இல் தேசியப் பூங்கா. வரையாட்டுக்காக என்றால் எனக்கு அதில் கோபம் இல்லை. ஆனால் புல்வெளியைப் புல்வெளியாக வைத்திருந்ததில் எங்கள் எருமைக்குப் பங்கே இல்லை என்று யாராவது பேசினால் கோபம் வரும்.

அக்கா, பெரியவர் எருமையை அனுப்பினால் ஒரு விஷயம். எங்கள் எருமை வீட்டு மாடு போலக் கிடையாது. தெரியாத ஆள் நடுவில் போனால் தலையைத் தூக்கி மூக்கை நீட்டும், அடுத்து ஓடி வரும். தோழியைப் பறவை பார்க்க அந்த நாட்களில் அனுப்பாதீர்கள். இன்னொன்று, கூலி என்று பணம் பேசாதீர்கள், அவருக்குச் சங்கடமாக இருக்கும். உப்பு வாங்கிக் கொடுங்கள். எருமைக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பது எங்களிடம் சடங்காகவே நடக்கும்.

சதுப்பில் அவ்வுள் புல் இருக்கிறதா பாருங்கள். கோயில் கூரைக்கு வேயும் புல், இப்போது தேடி அலைய வேண்டியிருக்கிறது. இருந்தால் பெரியவரிடம் சொல்லுங்கள். அறுத்துக்கொள்ள விட்டீர்கள் என்றால் வேறு எதுவும் கேட்க மாட்டார்.

மசினகுடி ஜீப்

எங்கள் பக்கம் கதை வேறு. இங்கே மேய்கிற மாட்டு எண்ணிக்கையைப் புல் முடிவு செய்வதில்லை. மலைக்கு அந்தப் புறம் பந்திப்பூர் ஓரத்து ஊர்களில் பாலுக்கு இல்லாமல் சாணத்துக்கே மாடு வைத்திருந்தார்கள். காப்பித் தோட்டத்துக்கு லாரி லாரியாகச் சாணம் போகும். விலை ஏறினால் மாடும் ஏறும், காட்டுக்குள் புல் இருக்கிறதா என்று யார் பார்ப்பது? உங்கள் நிலத்திலும் "இந்த வருடம் ஐந்து, அடுத்த வருடம் பதினைந்து" என்று ஆகாமல் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மருந்து. எங்கள் சீகூர்ப் பள்ளத்தில் பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு இருக்கிறது. டைக்ளோஃபெனாக் என்கிற வலி மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்று பாறு அழிந்த கதை எல்லாருக்கும் தெரியும். 2006இல் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். 2023இல் அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் இரண்டையும் தடை செய்தார்கள். எமரால்டுக்கும் சீகூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், பாறுக்கு அது ஒரு காலைப் பயணம். உங்கள் மேட்டில் மேய்கிற மாட்டுக்கு வலி ஊசி என்றால் மெலாக்சிகாம் என்று சொல்லிப் போடச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர், ஊட்டி

ஜீப் தம்பி நல்ல இடத்தைத் தொட்டார். மருந்து என்றதும் நான் விட்டது ஒன்று நினைவுக்கு வருகிறது, குடற்புழு மருந்து. ஐவர்மெக்டின் போட்டால் அது சாணத்தில் இறங்கும், சில வாரம் வரைக்கும் சாண வண்டுப் புழுவைக் கொல்லும். வண்டு இல்லாத சாணம் அப்பளம் மாதிரி காய்ந்து புல்லை மூடிக்கொண்டு கிடக்கும். நல்ல சாணத்தைக் குச்சியால் புரட்டிப் பாருங்கள், அடியில் துளை துளையாக மண் தள்ளியிருக்கும், குருவி வந்து கிளறிவிட்டுப் போயிருக்கும். எருமையை விடுவதால் வருகிற லாபத்தில் பாதி அந்தச் சாணத்தில்தான். ஆகவே உங்கள் நிலத்துக்கு வருவதற்கு முன்னால் அந்த மருந்து போட்டிருக்கக் கூடாது.

கோமாரி ஊசி கட்டாயம் போட்டிருக்க வேண்டும். 1968இல் முதுமலை, பந்திப்பூர்ப் பக்கம் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட் என்கிற மாட்டு நோய்) பரவி காட்டெருமை கூட்டம் கூட்டமாகச் செத்தது. வெக்கை நோயை 2011இல் உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டார்கள். கோமாரி இன்னும் இருக்கிறது. உங்கள் மேட்டில் ராத்திரி காட்டெருமை வரும், பகலில் வீட்டு எருமை மேயும், இரண்டும் ஒரே சதுப்பில் தண்ணீர் குடிக்கும்.

கிக்குயு மேய்ந்த எருமையை அன்றைக்கே உங்கள் நிலத்துக்கு ஓட்டிவராதீர்கள். விதை சாணத்தில் உயிரோடு வரும். இரண்டு மூன்று நாள் பட்டியில் அறுத்த புல் போட்டுவிட்டு அப்புறம் விடச் சொல்லுங்கள்.

புல்மேட்டுக்காரி

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. மாமாவிடம் பெரணிக் கதையைச் சொன்னேன், அமைதியாகிவிட்டார். தோழி இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஒரு ஏற்பாடு பேசியிருக்கிறோம். மேல் பாதியில் எருமை, கீழே ஒரு ஓரத்தை இரண்டு வருடம் எதுவும் விடாமல் வைப்பது. இரண்டிலும் அவளே குருவி எண்ணிச் சொல்லட்டும். அவ்வுள் புல் ஒரு திட்டு இருக்கிறது, பெரியவரே வந்து காட்டினார்.

ஒரு பயம் மட்டும் மிச்சம். 2023இல் அவலாஞ்சிப் பக்கம் இரண்டு புலி செத்துக் கிடந்தது எங்கள் ஊருக்கு மறக்காது. புலி அடித்த மாட்டுச் சடலத்தில் விஷம் வைத்ததால் வந்தது. என் நிலத்தில் பெரியவர் எருமையைப் புலி அடித்துவிட்டால் நான் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ஆய்வாளர், ஊட்டி

கேட்க வேண்டிய கேள்வி. இருட்டுவதற்கு முன் எருமை பட்டிக்குத் திரும்பிவிட வேண்டும், கன்று மேட்டுக்கு வரவே கூடாது. முக்கால்வாசி ஆபத்து அதிலேயே போய்விடும். கன்று பட்டியில் இருந்தால் தாயும் சாயங்காலம் தானாகவே திரும்பும், யாரும் ஓட்ட வேண்டியதில்லை.

அப்படியும் அடித்துவிட்டால் சடலத்தை இழுக்காதீர்கள், மூடாதீர்கள். கிடந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லி, கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று வாங்குங்கள். பட்டா நிலத்தில் அடித்திருந்தால் இழப்பீட்டுக்கு எழுதலாம். பணம் வர நாளாகும். அதுவரை பெரியவருக்கு நீங்கள் கையிலிருந்து என்ன கொடுப்பீர்கள் என்பதை எருமை வருவதற்கு முன்பே, இரண்டு பேர் முன்னால் பேசிவிடுங்கள். விஷம் வைக்கிறவன் எல்லாரும் கெட்டவன் இல்லை அம்மா, பல பேர் இழப்பீடு வராமல் காத்திருந்து வெறுத்துப் போனவன்.

எருமை எண்ணிக்கை, தேதி, ஊசி போட்ட விவரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தோழியின் குருவிக் கணக்கையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். கார்த்திகையில் எருமை இறங்குகிற அன்றைக்கு எனக்கும் சொல்லுங்கள், முட்டி வைத்துப் புல் அளப்பது எப்படி என்று நேரில் வந்து காட்டுகிறேன்.